வாய்க்குள்ளும் ஒரு தோல்

அத்தியாயம் ஒன்பது

ஸகியா வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள் என்று கல்முனைக்குடியில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். மீன்காரனோடு விலை பேசத் தொடங்கினால் அவன் பெட்டியிலுள்ள மீன் நாறும்வரைக்கும் விடமாட்டாள். பக்கத்து வளவுச் சண்டையை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே தீர்த்துவைப்பாள். அப்படிப்பட்டவள் நோன்புப் பெருநாள் கழிந்ததிலிருந்து ஒரு சொல், இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறாள். ஏதும் கேட்டால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். அது 'ஓம்' என்ற ஆட்டா, 'இல்லை' என்ற ஆட்டா என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்குவதில்லை.

வாய்ப்புண் என்றுதான் முதலில் சொன்னாள். வாய்ப்புண்தானே என்றார்கள். மேல் சூடு என்று ஒருத்தி செவ்விளநீர் வெட்டிக் கொண்டுவந்தாள். கேஸ்ட்றிக் என்று பாமசிக்காரன் மாத்திரை கொடுத்தான். பல்தான் குத்துகிறது என்று ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் ஆயிற்று. பற்பசையை மாற்றினாள். வெற்றிலையை விட்டாள். புளியை, காரக் கொச்சிக்காயை, கடைசியில் உப்பையும் விட்டாள். ஓரிடத்தில் ஆறுவதற்குள் இன்னோரிடத்தில் உரிந்தது.

மட்டக்களப்பில் வாய் வைத்தியர் அவளது கன்னத்தின் உட்புறத்திலிருந்து சிறு துணுக்கொன்றை வெட்டிச் சோதனைக்கு அனுப்பியதும், "முடிவு வாற வரைக்கும் வாப்பாட காதுல போடாத" என்று அவள் மகள் ஸம்றாவிடம் வாக்கு வாங்கியதும் நமக்குத் தெரியும். அவள் கணவன் ஹிஷாமுக்குத் தெரியாது.

தெரியாமல் வைத்ததற்குக் காரணம் இருந்தது. ஹிஷாமின் உம்மா வாயில் புற்றுநோய் வந்துதான் மௌத்தானார். வெற்றிலை போட்ட வாய். ஸகியாவும் கலியாணம் முடித்த நாளிலிருந்து வெற்றிலை போட்டவள்தான்.

அன்று வியாழக்கிழமை. சோதனை முடிவு சொல்லும் நாள். அதே நாளில்தான், இதொன்றும் அறியாத ஹிஷாம், தன் மூத்த சகோதரி ஜெமீலா ராத்தாவை வரச் சொல்லியிருந்தான். ஜெமீலாவின் மகன், கட்டாரில் வேலை பார்க்கிற பர்ஸானுக்கும் ஸம்றாவுக்கும் கலியாண நாள் குறிக்க.

காலையில் கடைக்குப் புறப்படும்போது ஹிஷாம் குசினி வாசலில் நின்றான். சந்தைப் பக்கம் வலையும் கயிறும் விற்கிற கடை அவனுடையது.

"ராத்தா பின்னேரம் அசருக்குப் பிறகு வாறா. வெளங்குதா?"

ஸகியா தலையை ஆட்டினாள்.

"போன மாசம் அவட வீட்டுக்குப் போனம். நீ ஒரு பிடி சோறு தின்னல்ல. வெத்திலை வட்டாவ நீட்டினா, தள்ளி வச்சிட்டாய். மச்சிக்கு என்ட மகனப் புடிக்கல்லையா எண்டு ராத்தா என்னக் கேக்கிறா. நான் என்னத்தச் சொல்ற?"

ஸகியா ஆறிப்போன கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள். பர்ஸானை அவளுக்குப் பிடிக்கும். சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். அதைச் சொல்ல உதடு இரண்டும் சேரவேண்டும். சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் தோலோடு வரும்.

"...உடிக்கும்" என்றாள்.

"என்னது? இடிக்குதா? என்ன இடிக்குது ஒனக்கு?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவனுக்கு அது ஓமென்று பட்டது.

"இடிக்கிறதெண்டா நேரத்தோட சொல்லியிருக்கணும் ஸகியா. இப்ப எல்லாரையும் வரச் சொல்லிப் போட்டு..."

ஸம்றா உள்ளேயிருந்து ஹபாயாவின் கையைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தாள். கல்முனையில் ஒரு கணினி நிலையத்தில் படிப்பிக்கிறவள். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"வாப்பா, நானும் உம்மாவும் மட்டக்களப்புக்குப் போய் துணி எடுத்திட்டு வாறம். அசருக்கு முதல் வந்திருவம்."

"இண்டைக்கா? கல்முனையில துணி இல்லையா?"

"அங்க நிறம் நல்லம்."

ஹிஷாம் மனைவியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

பஸ்ஸில் ஸகியா ஜன்னல் பக்கம் இருந்தாள். கல்லடிப் பாலம் வரும்வரை இருவரும் கதைக்கவில்லை. ஸம்றாவின் மனதில் ஒரு கேள்வி கிடந்து அரித்தது. நோவினால்தான் உம்மா கதைக்கவில்லையா? அல்லது வாப்பா சொல்வதுபோல, நோவோடு சேர்த்து வேறு ஏதும் இருக்கிறதா? பர்ஸான் மச்சானைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் உம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளே? இந்த நேரத்தில் அதைக் கேட்பதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்த வாய் வைத்தியர், டொக்டர் பவிதரன், இளவயதுக்காரர். கோப்பைத் திறந்து ஒருமுறை வாசித்துவிட்டு மூடினார்.

"அம்மா, முதல்ல ஒண்டச் சொல்றன். இது கென்சர் இல்ல."

ஸகியாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். உதடு எரிந்தது. எரிந்தாலும் ஓர் எழுத்தும் விடாமல் முழுதாகச் சொன்னாள். ஸம்றா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எழும்பிப் போய்விடலாம் போலிருந்தது.

டொக்டர் சிரிக்கவில்லை.

"ஆனா சின்ன விசயமும் இல்ல. இது ஒரு தோல் வருத்தம், தோல் நோய்."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேறு யாருடையதோ கோப்பு மாறிவிட்டது என்று ஸம்றா நினைத்தாள்.

"டொக்டர், உம்மாக்கு வாய்க்குள்ளதான் புண். தோல்ல ஒண்டுமில்ல."

"வாய்க்குள்ள இருக்கிறதும் தோல்தான் தங்கச்சி. ஈரமான தோல்." அவர் தன் கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் தள்ளிக் காட்டினார். "நம்மட உடம்பில கிருமியோட சண்டை பிடிக்கிறதுக்கு ஒரு காவல் இருக்கு. சில பேருக்கு அந்தக் காவல் ஆள் மாறிப் போய் சொந்தத் தோலையே எதிரியெண்டு நினைச்சு அடிக்கும். கல்லையும் கல்லையும் ஒட்டி வைக்கிற சீமெந்து கழண்டா சுவர் என்ன ஆகும்? அப்பிடித்தான். தோல் விட்டுப் போகும், கொப்புளம் வரும். வாய்க்குள்ள பல்லும் சோறும் படுறதால கொப்புளம் உடனே உடைஞ்சிடும். நீங்க புண்ணைத்தான் காணுவீங்க. கன பேருக்கு இது வாயிலதான் தொடங்கும். மேல்ல தெரியிறதுக்கு மாசக்கணக்காகும். பெம்பிகஸ் எண்டு பேர்."

"பெம்..." என்றாள் ஸம்றா.

"பெம்பிகஸ். அம்மா, உடம்பில எங்கயும் கொப்புளம் வந்ததா?"

"இல்ல" என்றாள் ஸம்றா.

 ஸகியா குனிந்தபடி கையை நெஞ்சில் வைத்தாள். பிறகு முதுகுப் பக்கம் காட்டினாள்.

தாதி மிஸ்ஸி திரையை இழுத்து மறைத்தார். ஹபாயாவைத் தளர்த்தியபோது ஸம்றாவும் கண்டாள். நெஞ்சில் உடைந்து சிவந்துபோன வட்டம். முதுகில், தண்ணீர் தேங்கி நிற்கிற, தொட்டால் வழுக்கும் கொப்புளம்.

"வேர்வையால எண்டு நினைச்சன்" என்றாள் ஸகியா.

உம்மா இன்னும் எதையெதையெல்லாம் வேர்வை என்று நினைத்து மூடி வைத்திருக்கிறாள்?

டொக்டர் மறுபடியும் வந்து இருந்ததும் ஸகியா மெல்லக் கேட்டாள். "வெத்திலையாலயா?"

"இல்ல அம்மா. வெத்திலைய விட்டது நல்லம். ஆனா இது அதால வந்ததில்ல."

"கண்ணூறா? நான் செஞ்ச ஏதும்..."

"நீங்க செஞ்ச ஒண்டாலயும் வந்ததில்ல. உங்களுக்கு ஏன் வந்ததெண்டு எனக்குத் தெரியாது. ஆருக்கும் தெரியாது. ஒண்டு மட்டும் உறுதி, இது ஒருத்தரிட்ட இருந்து ஒருத்தருக்குத் தொத்தாது."

ஸம்றாவுக்குத் தலை சுற்றியது. கென்சர் இல்லை. வெற்றிலை இல்லை. கண்ணூறு இல்லை. இல்லை, இல்லை என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது சந்தோசமாகத்தான் இருக்கிறது. என்ன இருக்கிறது என்று சொல்லும்போதுதான் ஒன்றும் பிடிபடவில்லை.

"டொக்டர், இது பெரிய வருத்தமா, சின்ன வருத்தமா?"

"மருந்து எடுத்தா அடக்கி வச்சிருக்கலாம். கன காலத்துக்கு எடுக்கணும், இடையில விடக் கூடாது. எடுக்காம விட்டா பெரிய வருத்தம். உயிருக்கும் ஆபத்து." குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். "இண்டைக்கே தோல் டொக்டரக் காட்டுறன். வார்ட்டில நிக்க வேண்டி வரும்."

தோல் வைத்தியர் ஒரு பெண். கண்ணைப் பார்த்தார், தலைமயிரைப் பிரித்துப் பார்த்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார். இன்றைக்கே வார்ட்டில் நிற்கச் சொன்னார். ஸகியா இரண்டு கையையும் கூப்பாத குறையாக நாளைக்கு, நாளைக்கு என்றாள். நாளைக் காலை கட்டாயம் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

இதிலெல்லாம் நேரம் போய்விட்டது. கல்முனைக்குடியில் அவர்கள் ஓட்டோவில் வந்து இறங்கியபோது அசர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் ஜெமீலா வந்த வேன் நின்றது.

ஹிஷாம் கேற்றடியில் காத்துக்கொண்டு நின்றான். இருவருடைய கையையும் பார்த்தான்.

"துணி எங்க?"

ஸம்றா உம்மாவைப் பார்த்தாள். ஸகியா வாயைத் திறந்தாள். அதற்குள் உள்ளேயிருந்து ஜெமீலாவின் குரல் வந்தது.

"மச்சி வந்திட்டாவா? வாங்க, வாங்க. சோறு ஆறிப் போகுது!"

"மறுகா கதைப்பம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் ஹிஷாம். "முகத்தச் சிரிச்ச மாதிரி வச்சிக்க."

மண்டபத்தில் ஜெமீலாவின் கணவர் அச்சிமுகம்மது நாற்காலியில் நிமிர்ந்து இருந்தார். பெண்கள் உள்ளறையில் பாய் விரித்திருந்தார்கள். ஜெமீலா தன் வீட்டிலேயே புரியாணி சமைத்து, தன் பெரிய சஹனையும் கொண்டுவந்திருந்தாள். குவித்த சோற்றைச் சுற்றி நாலு பேர் இருந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுகிற தட்டம். ஒரு பக்கம் ஜெமீலா, மற்றப் பக்கம் அவள் மகள் ஆகிலா. ஆகிலாவின் குழந்தை தலையணை மேல் தூங்கியது.

ஜெமீலா கனத்த உடம்புக்காரி. கோபம் வந்தால் மறைக்கத் தெரியாது, ஆசை வந்தாலும் தெரியாது. இன்றைக்கு இரண்டும் முகத்தில் இருந்தன.

"இரி மச்சி. இஞ்ச, எனக்குப் பக்கத்தில இரி."

ஸகியா இருந்தாள். சோற்றிலிருந்து ஏலமும் நெய்யும் மணத்தன. வயிறு கேட்டது. வாய் பயந்தது.

ஜெமீலா சோற்றைப் பிசைந்து, இறைச்சித் துண்டொன்றை நடுவில் வைத்து உருட்டினாள். "போன முறை என்ட வீட்டில நீ தின்னல்ல. நான் அத மனசில வைக்கல்ல. இது நாள் குறிக்கிற சோறு. என்ட கையால ஒரு பிடி."

கை ஸகியாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. ஆகிலா பார்த்துக்கொண்டிருந்தாள். கதவடியில் ஹிஷாமின் நிழல் தெரிந்தது. ஸகியா மகளைப் பார்த்தாள். ஸம்றா வேண்டாமென்று கண்ணால் கெஞ்சினாள்.

ஸகியா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

மிளகும் உப்பும் பட்டதும் கன்னம் முழுக்க நெருப்புப் பிடித்தது. துப்பினால் நாத்தனார் முகத்தில் துப்பியது போலாகும். மென்றாள். பொரிந்த இறைச்சியின் ஓரம் உள்ளே எதையோ கிழித்தது. கண்ணீர் வழிந்தது.

ஜெமீலா அதைப் பார்த்தாள். அவளுடைய முகம் இளகியது. "பாத்தியா ஆகிலா? மச்சிக்கு அழுகை வந்திட்டு. நான் சொன்னன்தானே, மனசில ஒண்டும் இல்ல எண்டு..."

"உம்மா!" ஆகிலா கத்தினாள். "ரத்தம்!"

ஸகியாவின் வாயோரத்தால் சிவப்பாக இறங்கி, நாடியிலிருந்து சொட்டி, சஹனில் விழுந்தது.

ஜெமீலாவின் கை அந்தரத்தில் நின்றது. ஸகியா முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பொத்துதலை ஜெமீலா இதற்கு முன் கண்டிருக்கிறாள். தன் உம்மா அப்படித்தான் பொத்துவார்.

"யா அல்லாஹ்... இது எங்கட உம்மாட வருத்தம்!" நெஞ்சிலே அடித்துக்கொண்டாள். "ஹிஷாம்! இஞ்ச ஓடி வா! ஒன்ட பொஞ்சாதிக்கு உம்மாட வருத்தம்டா!"

"இல்ல மாமி!" ஸம்றா எழும்பிவிட்டாள். "கென்சர் இல்ல! இண்டைக்குத்தான் டொக்டர் சொன்னார். இது தோல் வருத்தம். மேல்லயும் கொப்புளம் இருக்கு, நான் கண்டன்!"

ஆறுதலாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிக் கேட்டதென்று அவளுக்கே விளங்கியது.

ஆகிலா சோற்றிலிருந்து கையை எடுத்தாள். விரலை விரித்துக்கொண்டு, அதை எங்கே துடைப்பதென்று தெரியாமல் பார்த்தாள்.

"தோல் வருத்தமா? வாய்க்குள்ளயா?"

"ஓம், ஆனா தொத்தாது..."

"எனக்குப் பால் குடிக்கிற புள்ள இருக்கு ஸம்றா." கோபமில்லை, பயம்தான். குழந்தையை மற்றக் கையால் அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

கதவடியில் நின்ற ஹிஷாமுக்குக் கேட்டது மூன்று சொல். கென்சர், தோல், ரத்தம். மூன்றையும் சேர்த்து ஒன்றாக்கப் பார்த்தான். முடியவில்லை.

ஸகியா அவனைத் தாண்டிக் குசினிக்குள் போய்விட்டாள். அவன் பின்னால் போனான். ஸம்றாவும் போனாள். ஸகியா தண்ணீரால் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். ஸம்றா வாப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். வெட்டி எடுத்த துணுக்கு, வாக்கு, இன்றைய முடிவு, நாளைக்கு வார்ட்டு.

"கென்சர் இல்ல" என்றான் ஹிஷாம்.

"இல்ல வாப்பா."

"அப்ப நல்லந்தானே?"

"நல்லம் எண்டு சொல்லேலா."

"அப்ப கூடாதா?"

"கூடாதெண்டும் இல்ல. மருந்து எடுத்தா..."

"என்ன புள்ள சொல்ற? நல்லமா, கூடாதா? ஒண்டச் சொல்லு!"

"எனக்குத் தெரியா வாப்பா!" ஸம்றா அழுதுவிட்டாள். "டொக்டர் சொல்லக்குள்ள விளங்கின மாதிரி இருந்திச்சு. இப்ப ஒண்டும் விளங்கல்ல."

ஹிஷாம் மனைவியின் பக்கம் திரும்பினான். "என்னட்ட ஏன் சொல்லல்ல?"

ஸகியா கோப்பையை வைத்தாள். ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னாள். "ஒங்கட உம்மாவ, மாமிய, நீங்க அப்பிடிப் பாத்தது போதும். என்னையும் அப்பிடிப் பாக்க வேணாம் எண்டு..."

"நான் என்னென்னமோ நினைச்சன் ஸகியா. ராத்தாவோட பகை எண்டு. என்னோட பகை எண்டு." அவனுக்குக் குரல் உடைந்தது. "காலையில என்ன சொன்னாய்? இடிக்குதெண்டுதானே சொன்னாய்?"

"புடிக்கும் எண்டன்." இந்த முறை உதட்டைச் சேர்த்தே சொன்னாள். "பர்ஸான எனக்குப் புடிக்கும்."

ஸம்றா அழுகையை நிறுத்தி உம்மாவைப் பார்த்தாள்.

ஸகியா அவனிடம் வாயைத் திறந்து காட்டப் போனாள். ஹிஷாம் பார்க்கவில்லை. பார்க்க ஏலாமல் போயிற்று. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "கொஞ்சம் பொறு" என்றான். பிறகு பின்கதவால் வெளியே போய், தென்னை மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அப்போது ஜெமீலா குசினிக்குள் வந்தாள். ஆகிலாவும் அச்சிமுகம்மதுவும் வேனில் ஏறிவிட்டார்கள். அவளையும் வரச் சொல்லி வேன்காரன் ஹோர்ன் அடித்தான். அவள் காதிலே போடவில்லை.

"லைட்டப் போடு ஸம்றா."

ஸம்றா போட்டாள்.

"இஞ்சால திரும்பு மச்சி. வாயத் திற."

ஸகியா தயங்கினாள்.

"உம்மாட வாய மௌத்தாகுமட்டும் பஞ்சால துடைச்சவள் நான். ஹிஷாம் ஒருநாளும் உள்ளுக்கு வரல்ல, வாசல்லதான் நிண்டான். எனக்கு அருவருப்பும் இல்ல, பயமும் இல்ல. திற."

ஸகியா திறந்தாள். ஜெமீலா கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக் குனிந்தாள். கன்னத்தின் உள்ளே தோலே இல்லாத சிவப்பு. அதன் ஓரத்தில் ஈரக் கடதாசி போல வெள்ளையாகத் தொங்கும் தோல். பல்முரசு முழுக்கக் கன்றிக் கிடந்தது. ஜெமீலா வெளிச்சத்தை மற்றக் கன்னத்துக்கும் திருப்பினாள். நெடுநேரம் பார்த்தாள்.

"உம்மாட மாதிரி இல்ல" என்றாள் கடைசியில். "அது கட்டி. ஒரு பக்கத்தில கல்லு மாதிரி. இது வேற." வெளிச்சத்தை அணைத்தாள். "இந்த வாயாலயா நான் தந்த சோத்த மெண்டாய்?"

ஸகியா தலையை ஆட்டினாள். ஓமென்றுதான்.

"அறிவு கெட்டவள்" என்றாள் ஜெமீலா. திட்டுகிறாளா, அழுகிறாளா என்று ஸம்றாவுக்குத் தெரியவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு பலகையை இழுத்துப்போட்டு இருந்தாள். கொஞ்சம் பொறுத்து வேறு குரலில் கேட்டாள்.

"இது ஸம்றாக்கும் வருமா?"



"டொக்டர் அப்பிடிச் சொல்லல்ல மாமி" என்றாள் ஸம்றா.

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கல்ல."

"ஏன் கேக்கல்ல?"

"பயமா இருந்திச்சு."

ஜெமீலா மருமகளாக வரப்போகிறவளை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்தாள். ஊரில் எத்தனையோ பெண் பார்த்தவள் பார்க்கிற பார்வை அது. ஸம்றாவுக்கு முகம் சுட்டது.

"நாளைக்கு நானும் ஆஸ்பத்திரிக்கு வாறன்" என்றாள் ஜெமீலா. "நான் கேக்கிறன்."

"எதுக்கு மதினி?" ஸகியா கேட்டாள். "என்னப் பாக்கவா? ஒங்கட மகனுக்காகக் கேக்கவா?"

கோபமாகக் கேட்கவில்லை. அறியத்தான் கேட்டாள்.  ஜெமீலா முழங்காலைத் தடவினாள்.

"பொய் சொல்ல மாட்டன் மச்சி. எனக்கே விளங்கல்ல. ரெண்டுக்கும்தான் போல."

அவள் கையிலிருந்த கைபேசி அடித்தது. கட்டாரிலிருந்து பர்ஸான். ஜெமீலா திரையைப் பார்த்தாள், ஸம்றாவைப் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"உம்மா? ஆகிலா வேனுக்குள்ள இருந்து என்னென்னமோ சொல்றாள். மாமிக்கு என்ன? வாய்க்குள்ள தோல் வருத்தமாம். அப்பிடி ஒண்டு இருக்கா?"

"இருக்காம் மனே. தொத்தாதாம். உள்ளுக்குப் பாத்தன், நல்லா வெந்து போயிரிக்கி."

"நாள் குறிச்சாச்சா?"

"இல்ல."

"குறிக்காதீங்க." வண்டிச் சத்தங்களுக்கு நடுவே அவன் குரல் வந்து வந்து போனது. "நான் வாறன். லீவு கேக்கிறன். நான் வந்து சேருமட்டும் ஒருத்தரும் ஒண்டும் முடிவெடுக்காதீங்க."

"என்னத்துக்குடா வாற?"

"வந்து சொல்றன் உம்மா."

"பர்ஸான்! இஞ்ச ஸம்றா நிக்கிறாள், அவளோட ஒரு சொல்லு..."

அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. ஜெமீலா திருப்பி எடுத்தாள். எடுபடவில்லை. இன்னொருமுறை எடுத்தாள்.

பின்கதவில் ஹிஷாம் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. "என்னவாம்?"

"வாறானாம்" என்றாள் ஜெமீலா.

"கலியாணத்துக்கா, நிப்பாட்டவா?"

 ஸம்றா சுவரோடு சாய்ந்து நின்று ஜெமீலாவின் கைபேசியையே பார்த்தாள். பர்ஸானின் குரலை அவள் மனதுக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டாள். ஒருமுறை அது பாசமாகக் கேட்டது, மறுமுறை விலகிப் போகிறவன் குரலாகக் கேட்டது. குறிக்காதீங்க. ஒரே சொல்தான். அவள் எப்படித் திருப்பினாலும் அது ஒரு பக்கமாகச் சாயவில்லை.

பள்ளியில் அந்தித் தொழுகை மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். ஒருவரும் அசையவில்லை.

ஸகியாதான் முதலில் அசைந்தாள். அலுமாரி மேலிருந்த பயணப் பையை எட்டி இழுத்து, தூசியைத் தட்டினாள். வார்ட்டில் நிற்கச் சொல்லும்போது நாளைக்கு நாளைக்கு என்று கெஞ்சியவள் அவள்தான். இப்போது பையைத் தரையில் வைத்துச் சிப்பை இழுத்துத் திறந்தாள்.

"ஸம்றா, நெஞ்சில உரசாத சட்டையாப் பாத்து எடு. ரெண்டு மூண்டு போதும்."

"உம்மா, அவர் எதுக்கு வாறாரெண்டு..."

"முதல்ல ஆஸ்பத்திரி" என்றாள் ஸகியா. ஒவ்வொரு சொல்லும் எரிந்தது. ஒவ்வொன்றையும் தெளிவாகச் சொன்னாள். "மத்ததெல்லாம் மறுகா."